மூடி உட்பட

எங்கள் குடும்பத்தில் என்னை யாரும் விஞ்ஞானி என்று சொல்வதில்லை. "மூத்திர டாக்டர்" என்பார்கள். தப்பு என்னுடையதுதான். தூத்துக்குடியில் ஒரு கல்யாண வீட்டில், கறிச்சோற்றுக்கும் ரசத்துக்கும் நடுவில், "நீ என்னதாம்ல ஆராய்ச்சி பண்ணுத?" என்று ஒரு மாமா கேட்டார். நானும் மடத்தனமாக உண்மையைச் சொன்னேன். புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் படத்தில் ஒளிர்ந்து காட்டுகிற நுண்துகள்களைச் செய்கிறேன். ஒளிர வைப்பது பெரிய காரியமில்லை. வேலை முடிந்ததும் அது உடம்பை விட்டுக் கிளம்ப வேண்டும், அதுதான் பெரும்பாடு. சிறுநீரகத்தின் சல்லடையில் நுழையும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் போய்விடும், கொஞ்சம் பெருத்தாலும் ஈரலில் குந்திக்கொண்டு நகராது. போகிறதா இல்லையா என்று பார்க்க, தினமும் எலிகளின் மூத்திரத்தை அளக்கிறேன். மாமா ரசத்தை வாங்காமலே எழுந்து போனார்.

இந்தப் பெயரை வைத்துத்தான் அம்மா என்னை அந்தமானுக்கு அனுப்பினாள். என் அக்கா ஜெசிந்தா கல்யாணமாகிப் போர்ட் பிளேர் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மச்சான் படகு எஞ்சின் மெக்கானிக். அக்காவுக்கு வனத்துறையில் வேலை. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. அங்கேயே ஊசியால் எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அது வேறு எங்காவது பரவியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்த வைத்தியம். அதற்கான ஸ்கேன் சென்னையில். அக்கா இரண்டு முறை தேதி வாங்கி, இரண்டு முறையும் வராமல் இருந்துவிட்டாள். மூன்றாவது தேதி வெள்ளிக்கிழமை.

"நீ அந்த வேலைதானல பாக்க? போய் அவகிட்டப் பேசு. வியாழக்கிழமை அவ இல்லாம நீ வராத" என்றாள் அம்மா. நான் இல்லாமல் அக்கா வரலாமா என்று கேட்கவில்லை, அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விமானம் தீவுக்கு மேலே வந்து, மேகத்தைப் பார்த்து, இறங்காமல் வட்டமடித்தது. பக்கத்து இருக்கையில் சண்முகம் என்பவர், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் இருக்கும் குமாஸ்தா, சாவகாசமாக முறுக்கு தின்றுகொண்டிருந்தார். "போன தடவை இதே மாதிரி மேல வந்து ஊரையெல்லாம் காட்டிட்டு, திரும்ப சென்னையிலயே கொண்டு போய் விட்டுட்டான் சார்" என்றார். எங்கள் ஊர் பஸ் கூட நிறுத்தத்தில் நிற்காமல்தான் போகும், ஆனால் கிளம்பிய இடத்துக்கே கொண்டு வந்து விடாது. நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது வட்டத்தில் இறங்கிவிட்டோம். கீழே வந்ததும் சண்முகம், "எப்ப சார் மெயின்லேண்ட் திரும்புறீங்க?" என்று கேட்டார். வியாழன் என்றேன். அவர் அதையும் அக்கா வீட்டு விலாசத்தையும் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அக்கா வீடு டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில். பெயரை நம்பி ஒரு மாட்டையாவது பார்க்கலாம் என்று ஆட்டோவில் இரண்டு பக்கமும் தேடிக்கொண்டே போனேன். ஒரு கன்றுக்குட்டி கூடக் கிடையாது. சந்து சந்தாக வீடுகள்தான். அக்கா வாசலில் நின்றாள். ஆள் இளைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவளோ, "ஏல, என்னல இப்பிடி ஊதிட்ட? எலிக்குப் போடுததையும் நீதான் திங்கியா?" என்று ஆரம்பித்தாள்.

திங்கள் அவளுக்கு விடுமுறை. அன்று முழுவதும் நான் "ஸ்கேன்" என்று வாயைத் திறந்த போதெல்லாம் அந்த வாயில் எதையாவது போட்டாள். சூரை மீன் குழம்பு, நண்டு வறுவல், மறுபடி சூரை. "அக்கா, வெள்ளிக்கிழமை..." என்றேன். "நண்டுக்கால் வேணுமா?" என்றாள். மச்சான் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். ஐந்தரைக்கே வெளியே இருட்டிவிட்டது. சென்னையில் அந்த நேரத்துக்கு நாங்கள் இரண்டாவது டீக்குக் கிளம்புவோம். இங்கே ஊர் கதவடைக்கத் தயாராகிறது. அக்கா கொட்டாவி விட்டாள். "காலைல பேசலாம்ல, நாலரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துரும்" என்றாள். வெளிச்சம் வந்தது, அதற்குள் அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

விடுவேனா? செவ்வாயன்று அவள் வேலை செய்யும் வண்டூர் படகுத்துறைக்கே போய்ப் பிடிப்பது என்று பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு கண்டக்டரிடம், என் ஆராய்ச்சிக்கூட இந்தியில், "வண்டூர்?" என்றேன். அவர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே என்னைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். முக்கால் மணி நேரம் கழித்து, கடல் வர வேண்டிய இடத்தில் வயல் வந்தது. பாக்கு மரம் வந்தது. கடைசியில் பெரார்கஞ்ச் என்ற ஊர் வந்தது. வண்டூர் எந்தத் திசை என்று கண்டக்டரிடம் கேட்டேன். வந்த வழியைக் காட்டிவிட்டு, நான் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் என்மேலேயே கோபித்துக்கொண்டார்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் வங்காளி அம்மா. எல்லோரும் அவரை மாசி, அவர்கள் மொழியில் சித்தி, என்றார்கள். பூரியும் உருளைக்கிழங்கும் வைத்து, என் கதையை இந்தியில் கேட்டார். நான் கையாலும் காலாலும் சொன்னேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்ற இடத்தில் இன்னும் இரண்டு பூரி வைத்தார். வியாழக்கிழமை சென்னை போகிறேன் என்றதும் கடையே என் பக்கம் திரும்பியது. "என் மகள் தாம்பரத்தில் நர்ஸுக்குப் படிக்கிறாள்" என்றார் மாசி. உள்ளே போய், துணியில் சுற்றித் தைத்த ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். என் பெயரைக் கூட அவர் கேட்டிருக்கவில்லை. "பெயர் எதற்கு? மெயின்லேண்ட் போகிறாய் அல்லவா?" என்றார்.

இந்தத் தீவுகளின் வழக்கம் இது என்று அன்று மாலை வீடு திரும்பியதும் புரிந்தது. கடல் தாண்டப் போகிற ஒருவன் தனி ஆள் இல்லை. ஊருக்குப் பொதுவான பை. வாசல் திண்டில் ஏற்கெனவே மூன்று பார்சல்கள் எனக்காகக் காத்திருந்தன. மச்சானின் நண்பர் ஒருவர் கருவாடு கொடுத்திருந்தார். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா ஊறுகாய் கொடுத்திருந்தார். சண்முகமே நேரில் வந்து ஒரு பெட்டியை வைத்துப் போயிருக்கிறார். அவர் முந்தின நாள்தானே சென்னையிலிருந்து வந்தார் என்றேன். "மறந்துட்டாராம்" என்றார் மச்சான்.

என் துகள்களுக்கும் இதே கதிதான். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒல்லியாக, சுத்தமாகச் செய்து அனுப்புகிறேன். இரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் ஒவ்வொன்றாக வந்து மேலே ஒட்டிக்கொள்ளும். ஒல்லியாகப் போனது மூட்டை முடிச்சோடு சிறுநீரகத்துக்கு வந்து நிற்கும். சல்லடையில் நுழையாது. ஈரலுக்குத் திரும்பிப் போய்விடும். இரண்டு வருஷமாக என் தலைவலி இதுதான். எதுவும் ஒட்டாத மேல்பூச்சு ஒன்றைத் தேடி அலைகிறேன்.

புதன் விடியலில் அக்காவுக்கு முன்னால் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பார்த்தாள். "அரே, விடமாட்ட போல. சலோ, வா" என்றாள்.

வண்டூரிலிருந்து படகுகள் ஒரு பவளப்பாறைத் தீவுக்குப் போகின்றன. அங்கே ஒரு துண்டு பிளாஸ்டிக் கூடத் தங்கக் கூடாது. படகேறும் முன் அக்கா ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்து, உள்ளே போகிறதை எல்லாம் நோட்டில் எழுதுவாள். திரும்பி வரும்போது ஒவ்வொன்றையும் பார்த்து டிக் அடிப்பாள். பார்க்க வேண்டிய காட்சி அது. "பாட்டில் ரெண்டு, மூடி உட்பட. சீப்பு ஒண்ணு. இது என்ன? பிஸ்கட்டா? கவர இங்கயே வச்சிட்டு பிஸ்கட்ட மட்டும் கொண்டு போங்க." ஒரு மத்திய அரசு அதிகாரி தன் அடையாள அட்டையைக் காட்டினார். அக்கா அந்த அட்டையின் பிளாஸ்டிக் உறையையும் எழுதிக்கொண்டாள்.

பகலில் முதல் படகு திரும்பியது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் காலி பாட்டிலை நீட்டினார். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"மூடி எங்க?"

"மூடிதானேம்மா, எங்கயோ விழுந்திருக்கும்."

"எங்கயோன்னா? இங்க விழல, உங்க வீட்டுலயும் விழல. அப்ப எங்க கிடக்கு?"

"எல்லாம் கொண்டு வந்துட்டோம்மா. ஒரு மூடிக்குப் போயி..."

"நோட்டுல 'மூடி உட்பட'ன்னு இருக்கு. நீங்க பாக்கத்தான எழுதினேன்?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு, கணவருடைய கால்சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். மூன்றாவது பையில், மூக்குப்பொடி டப்பிக்கு அடியில், மூடி இருந்தது. அக்கா டிக் அடித்து, "டீக் ஹை, போய்ட்டு வாங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளே பேச்சை எடுத்தாள்.

"நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும்ல. நான் டாக்டர்ட்ட போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஊசி வழியா கதிர் மருந்து போடுதிய, அது எம்புட்டு போவும், எம்புட்டு வெளிய வரும், யார் பாத்து எழுதுவான்னு. அவர், 'அதெல்லாம் தானா போயிடும்மா'ங்காரு. தினம் நூறு பேர் என்கிட்ட அதத்தான் சொல்லுதான். 'எல்லாம் வந்திருச்சும்மா, எல்லாம் வந்திருச்சும்மா'. நான் எவனையாவது நம்பியிருக்கேனா?"

எனக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. 'நான் செய்ததுதான் அக்கா, ஒரு சொட்டு கூடத் தங்காது' என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது ஜெசிந்தா. உண்மையைச் சொன்னேன். என் துகள் இன்னும் எந்த மனிதர் உடம்புக்குள்ளும் போகவில்லை, எலியோடு சரி. எலியிலும் கொஞ்சம் ஈரலில் தங்கிவிடுகிறது, அதனால் எனக்கு மதிப்புமில்லை தூக்கமுமில்லை. அவளுக்குப் போடப்போவது வேறு. அது ஒரு மாதிரி சர்க்கரை, என் துகளை விடப் பொடிசு. புற்றுநோய் சர்க்கரைக்கு அலையும் என்பதால் அங்கே போய்ச் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். அதிலுள்ள கதிர் சில மணி நேரத்தில் தானே அடங்கும். ஒட்டாமல் சுற்றுவதில் ஒரு பங்கு அன்றைக்கே சிறுநீரில் போய்விடும்.

"நீ எலி மூத்திரத்த நித்தம் அளக்கியா?"

"நித்தம்."

"யார் எழுதுவா?"

"நான்தான்."

"நோட்டக் காட்டு."

கைப்பேசியில் ஆய்வு நோட்டின் படங்கள் இருந்தன. ஒரு பக்கம் உள்ளே போன அளவு, மறுபக்கம் வெளியே வந்த அளவு, எலி வாரியாக. என் மேலதிகாரியே அதை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அக்கா சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கை விரலால் படத்தைப் பெரிதாக்கி, வரி வரியாகப் பார்த்தாள். நான் தேர்வுத் தாளைக் கொடுத்த மாணவன் மாதிரி இருந்தேன்.

"ஏல. ஏழாம் எலிக்குப் போனதவிட வந்தது கூடுதலா இருக்கு?"

பார்த்தேன். இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

"எட்டாம் எலியப் பாரு. போனது கூடுதல், வந்தது ரொம்பக் கம்மி. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டா?"

"ஆமாக்கா."

"பாட்டிலு மாறிப்போச்சு. ஏழுக்குள்ளது எட்டுல, எட்டுக்குள்ளது ஏழுல. பக்கத்துப் பக்கத்துக் குடும்பம் போட்டுல உக்காந்தா இங்க நித்தம் நடக்கும்." அவள் நிமிர்ந்தாள். "இதுக்கா டாக்டர் பட்டம் குடுத்தாவ?"

எனக்கு மானம் போனது. அதே நேரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. எட்டாம் எலிதான் என் தோல்விக்கெல்லாம் சாட்சி என்று ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, உன் நோட்டுல ஒண்ணு விட்டுப்போச்சு. உனக்குத் தெரியாம, எழுதாம, ஒண்ணு ஏற்கெனவே உள்ள போயி உக்காந்திருக்கு. அத வெளிய எடுத்தே ஆகணும். எங்க கிடக்கு, ஒண்ணா பத்தான்னு தெரியாம எப்பிடி எடுக்கிறது? அதப் பாக்கத்தான் அந்த ஊசி. நீ பாக்காம விட்டா அது தானா போவாது."

பொட்டலத்தை மடித்துக் கை கழுவினாள். படகு வந்தது. அன்று அக்கா ஒரே குடும்பத்தின் பாட்டில்களை இரண்டு முறை எண்ணினாள். அவர்கள் முறைத்ததைக் கூட அவள் கவனிக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குல?"

"எட்டு மணிக்குக்கா. வெறும் வயித்துல வரணும்."

"எனக்குப் பயமா இருக்குல."

"எனக்கும்தான்கா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் என்னை ரோடு தாண்ட வைக்கும்போது பிடிப்பாளே, அதே இறுக்கம்.

வியாழன் காலை பார்சல்கள் ஒன்பதாகியிருந்தன. நான் ஒரு பையோடு வந்தவன். இப்போது வாசல் நிலையில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சண்முகத்தின் பெட்டியில், துணிகளுக்கு நடுவே ஒரு பெரிய சங்கு இருந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் சங்கு கொண்டு போனால் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். அக்கா உடனே அவரைப் போனில் பிடித்தாள். அவள் குரலைக் கேட்டு எதிர்வீட்டு அம்மா தன் ஊறுகாயைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போனார். மற்றதையும் ஒவ்வொருவராக வந்து தூக்கிப் போனார்கள். கடைசியில் திண்டில் மாசியின் பொட்டலம் மட்டும் மிச்சமிருந்தது. தையலைப் பிரித்தாள். உள்ளே ஒரு ஸ்வெட்டர், அரிசிப் பொரி உருண்டைகள். அக்கா அதை மறுபடி அழகாகத் தைத்தாள். "இது போவட்டும்ல. பிள்ளைக்கு அம்மா குடுத்தது" என்றாள்.

விமானம் வட்டமடிக்காமல் நேராகச் சென்னையில் இறங்கியது. அக்கா வழியெல்லாம் ஜெபமாலை உருட்டினாள்.

வெள்ளியன்று ஊசி போட்ட நர்ஸ், "நிறைய தண்ணி குடிங்கம்மா, அடிக்கடி பாத்ரூம் போங்க. இன்னைக்குக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல போகாதீங்க" என்றார்.

"போறத எதுல பிடிச்சு அளக்கிறிய?" என்றாள் அக்கா.

"அளக்க வேண்டாம்மா."

"அப்ப வந்திருச்சான்னு எப்பிடித் தெரியும்?"

நர்ஸிடம் இதை யாரும் கேட்டதில்லை போல. அக்கா பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தாள். ஸ்கேன் முடிந்து என் வீட்டுக்கு வந்த பிறகு, அன்று முழுவதும் ஒவ்வொரு முறை போய் வந்ததும் நேரம் போட்டு எழுதினாள். என் சமையலறையின் அளவு ஜாடியைக் காணவில்லை. அது எங்கே என்று நான் கேட்கவில்லை. இப்போது வேறு வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். கருப்பு உருவத்தில் அங்கங்கே வெளிச்சம். அக்காவின் முகம் வெளிறியது.

"இம்புட்டா?"

"இருங்கம்மா, பயப்படாதீங்க. மேல இருக்கே, அது மூளை. மூளை சர்க்கரை நிறையச் சாப்பிடும், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்."

"மூள இருக்குன்னு எழுதிக் குடுங்க, எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டணும்." சொல்லிவிட்டுத் திரையில் விரலை வைத்தாள். "கீழ இருக்கது?"

"அது சிறுநீர்ப்பை. மருந்து வெளிய போய்க்கிட்டு இருக்கு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த வாரத்தில் நான் பார்க்கவில்லை. மூத்திர டாக்டராக இருப்பதில் எனக்கு முதன்முறையாகப் பெருமையாக இருந்தது.

"இதுதான் கட்டி" என்று டாக்டர் மார்பில் ஒரு புள்ளியைக் காட்டினார். "வேற எங்கயும் தெரியலை. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"ஒண்ணுதானா? நல்லா எண்ணிப் பாத்தியளா?"

"ஒண்ணுதாம்மா."

அவள் நோட்டை மடியில் விரித்து, இரண்டு கட்டம் போட்டாள். 'உள்ளே: 1' என்று எழுதினாள். 'வெளியே' என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன்.

ஆபரேஷன் அடுத்த மாதம் நடந்தது. அன்று பார்த்து எனக்கு எலிகளை விட்டு வர முடியவில்லை; ஏழுக்கும் எட்டுக்கும் வேறு வேறு நிறத்தில் சீட்டு ஒட்டி, நின்றுகொண்டே வேலை பார்த்தேன். அம்மாவும் மச்சானும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று மச்சான் போன் பண்ணினார். இன்னும் மருந்து உண்டு, மாதாமாதம் பரிசோதனை உண்டு என்று எங்களுக்குத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து, வெட்டி எடுத்ததைச் சோதித்த அறிக்கை வந்தது. கட்டியின் ஓரங்களும் சுத்தம், எதுவும் மிச்சமில்லை என்று அதில் இருந்தது. அதை அனுப்பிவிட்டு, அக்கா கைப்பேசியில் இன்னொரு படமும் அனுப்பினாள். அந்த நோட்டின் பக்கம்தான். காலியாக இருந்த கட்டத்தில், கோணல்மாணலாக, ஊசி குத்திய கையால் எழுதியிருந்தாள்:

'வெளியே: 1, மூடி உட்பட.'

பக்கத்தில் பெரிதாக ஒரு டிக்.